சுவக்கீன் பொட்டிக் காருக்கு நாலு பிரேக் வச்ச கதை

சுவக்கீனைப் பத்திக் குமுளியில ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எதையும் நம்பாதீங்க. அவன் காருக்கு முன்னாடியும் பின்னாடியுமா பத்து வருசத்துக்கு மேல மாட்டு வண்டி ஓட்டினவன் நான். பேரு வீரபாண்டி, பொறந்தது மலைக்குக் கீழ கூடலூரு. தோட்டத்து ஏலக்காய் மூட்டையைக் கம்பத்துக்கு இறக்குறதும், அங்கருந்து அரிசி மூட்டையை மேல ஏத்துறதும்தான் என் பொழப்பு. காருன்னாலே எனக்கு ஆகாது. அந்த நாத்தமும் சத்தமும்! மாடு மெரண்டு போயி ரெண்டு நாளைக்குத் தீனி எடுக்காது. அப்பேர்ப்பட்ட நானே ஒரு காரைப் பத்திச் சொல்றேன்னா, அதுல பொய்யி இருக்காது.

சுவக்கீன் தோட்டத்துக் கூலிக்காரங்க குடியிருக்குற லயத்துல பொறந்தவன். அவுக அப்பா அம்மா ராயப்பன்பட்டியிலருந்து மலையேறி வந்த வேதக்காரங்க. ஒல்லியா, நெடுநெடுன்னு இருப்பான். வாயத் தொறந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள நமக்குத் தாகம் எடுத்துரும். காரை எடுக்குறதுக்கு முன்னாடி நெத்தியில சிலுவை போட்டுக்குவான், அப்புறம் பின் டயரை ஒரு எத்து எத்துவான். ரெண்டுல எது முக்கியம்னு கேட்டா சிரிப்பான். கழட்டின ஆணி, நட்டு எல்லாத்தையும் கொட்டாங்கச்சியில போட்டு, எந்தக் கொட்டாங்கச்சி எந்த இடத்துதுன்னு கரியால கோடு போட்டு வைப்பான். அந்தக் கொட்டாங்கச்சியை அவன் பொஞ்சாதி செபமாலை அடுப்புக்குப் போட்டுட்டானு ஒரு தடவை ரெண்டு நாளு சோறு திங்காம இருந்திருக்கான்.

தோட்டத்து துரைக்கு அவன்தான் டிரைவர். துரை சீமைக்குக் கப்பலேறும்போது தன் பழைய காரை இவன்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாரு. துரை அதைச் செடான்னு சொல்வாரு. மலையில ஓடின மத்த காரெல்லாம் மேல துணிக் கூரை. இது மட்டும் நாலு பக்கமும் தகரமும் கண்ணாடியுமா மூடி இருக்கும். அதனால ஊருக்குள்ள அது பொட்டிக் காரு. அதுல ஆள ஏத்திக்கிட்டு மலைக்கும் கம்பத்துக்கும் ஓட்டித்தான் சுவக்கீன் குடும்பத்தக் காப்பாத்துனான்.

அந்தக் காருல ஒரே ஒரு கோளாறு. பிரேக்கு பின்சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான். அந்தக் காலத்து வண்டிக அப்படித்தான் வந்துச்சு. சமவெளியில ஓட்டுறவனுக்கு அது போதும். குமுளி மலையில இறங்குறவனுக்கு எப்படிப் போதும்? நாங்க மாட்டு வண்டிக்காரங்க என்ன பண்ணுவோம்னா, இறக்கம் தொடங்குற இடத்துல ஒரு கட்டையை வண்டிக்குப் பின்னாடி சங்கிலி போட்டுக் கட்டிருவோம். கட்டை தரையில இழுபட்டு இழுபட்டு வரும், வண்டி மாட்டு மேல பாயாது. அடிவாரத்துல கட்டையை அவுத்துப் போட்டுருவோம். மேல ஏறுற வண்டிக்காரன் அதைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு வருவான். சுவக்கீனும் அதையேதான் பண்ணினான். பட்டணத்துக் காரு கட்டையை இழுத்துக்கிட்டு இறங்குறதைப் பாத்தா, வெள்ளாமையில மேயுற மாட்டுக் கழுத்துல கட்டை கட்டிவிட்ட மாதிரி இருக்கும். நான் பாத்துப் பாத்துச் சிரிப்பேன். அவன் கட்டையையும் நான்தான் மேல கொண்டாந்து போடுவேன், அது வேற.

ஒரு தடவை செபமாலையும் அவ மக இருதயம்மாளும் காருக்குள்ள இருக்கும்போது அந்தச் சங்கிலி அறுந்துபோச்சு. மகளுக்கு அப்ப ஒம்பது வயசு. காரு சறுக்கிக்கிட்டே போயி ரோட்டோரக் கைப்பிடிச் சுவத்துல முட்டி நின்னுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். அன்னைக்கே செபமாலை, இனி இந்தப் பொட்டிக்குள்ள ஏறி மலை இறங்க மாட்டேன்னு மாதா மேல ஆணையிட்டா. அதுக்கப்புறம் தாயும் மகளும் எங்க போனாலும் என் வண்டிதான். அவளுக்குக் கூடப்பொறந்த ஆம்பளை கெடையாது. என்னை அண்ணேன்னு கூப்புடுவா, மக மாமான்னு கூப்புடும். அப்படிக் கூப்புட்டுக் கூப்புட்டே சுவக்கீன் எனக்கு மாப்ளயும், நான் அவனுக்கு மச்சானும் ஆயிட்டோம்.

அந்தப் பிள்ளைக்கு ராயப்பன்பட்டியில மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. கல்யாணம் அங்க மாதா கோயில்ல, பாஸ்கா, அதான் ஈஸ்டர், கழிஞ்சு ரெண்டாம் வாரம். சுவக்கீன் வாழ்க்கையில எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பாத்ததில்லை. அன்னைக்குக் கேட்டான். "எம்மகளை என் காருல கொண்டுபோயிக் கோயில் வாசல்ல இறக்கணும், செபமாலை."

"முன்சக்கரத்துக்கும் பிரேக்கு வையிங்க, ஏறுறோம். இல்லாட்டி அண்ணன் வண்டியில போறோம்"னு அவ ஒரே போடாப் போட்டுட்டா.

அங்கதான் இவனுக்குப் பித்துப் பிடிச்சுச்சு. அதே கம்பெனிக்காரன் ரெண்டு வருசம் கழிச்சு விட்ட வண்டியில முன்சக்கரத்துக்கும் பிரேக்கு வச்சிருந்தான். அண்ணன் தம்பி மாதிரி வண்டிக. அதுல இருக்குறதைக் கழட்டி இதுல மாட்டிரலாம்னு இவன் கணக்குப் போட்டான். அந்த மாதிரி காரு எங்க பக்கம் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு முந்தின வருசம் மழையில மூணாவது வளைவுல பள்ளத்துல விழுந்தது. அதோட டிரைவர் குதிச்சுத் தப்பிச்சுட்டான், காரை எடுக்க ஒருத்தனும் இறங்கல. இன்னொண்ணு ஆனைக்கரையில அழகுத்தாயிங்கிற அம்மா தோட்டத்துல இஞ்சின் வெந்துபோயி நின்னுச்சு. அதுல அந்தம்மா கோழி அடைச்சிருந்தா.

விழுந்த காருகிட்ட என்னைத்தான் கூட்டிக்கிட்டுப் போனான். கொடியும் முள்ளுமா மூடிக் கெடந்துச்சு. நொறுங்கிப்போன மூஞ்சிக்குக் கீழ பூந்து, முன் அச்சு நேரா இருக்கான்னு ஒரு கயித்தப் பிடிச்சுப் பாத்தான். "வளையல மச்சான்"னு அவன் சொன்ன சத்தம், புதையல் எடுத்தவன் சத்தம். ரெண்டு நாளு படுத்துக்கிட்டே ஆணி கழட்டினான். நான் மேல ரோட்டுல மாட்டைப் பூட்டிக் கயித்தை விட்டு, அச்சையும், சக்கரத்துக்குள்ள பிரேக்கு பிடிக்கிற டிரம்மையும் இழுத்து ஏத்தினேன். பிரேக்குக் கம்பிக எல்லாம் பாறையில அடிபட்டு முறுக்கிப் போயிருந்துச்சு. அதுக்குத்தான் ஆனைக்கரை.

"விழுந்த வண்டிச் சாமானைக் கல்யாண வண்டிக்குப் போடுறியேடா, கூறு இருக்கா?"ன்னு கேட்டேன்.

"விழுந்தது டிரைவர் தப்பு மச்சான். அச்சு என்ன பண்ணுச்சு?"ன்னான்.

ஆனைக்கரையில அழகுத்தாயி நல்ல மனுசிதான். எடுத்துக்கப்பான்னுட்டா. ஆனா பிரேக்கு மிதிகட்டைக்கு மேல கூடையில ஒரு கோழி அடை உக்காந்திருந்துச்சு. "அதைக் கெளப்பினா முட்டையெல்லாம் கூமுட்டையாயிரும். பொறிக்கட்டும், அப்புறம் வா"ன்னா. நானா இருந்தா கோழியைத் தூக்கி வச்சுட்டு வேலையைப் பாத்திருப்பேன். இவன் சரிங்கம்மான்னு திரும்பி வந்துட்டான். மகளுக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு, கோழி பொறிக்கிறதுக்கு நாளு எண்ணிக்கிட்டு இருந்த ஒரே அப்பன் இவன்தான். பதினோரு குஞ்சு. ஒவ்வொண்ணா எடுத்து வேற கூடையில விட்டுட்டு, அதுக்கப்புறம்தான் ஸ்பேனரைக் கையில எடுத்தானாம்.

தவக்காலம் முழுக்க அந்த வேலைதான். ஒரு பொழுது சாப்பாடு, மிச்ச நேரம் காருக்கு அடியில. தம்பிக்காரன் கொஞ்சம் நீளமான வண்டி. அதனால பிரேக்குக் கம்பிக நாலு விரக்கடை நீண்டு நின்னுச்சு. என் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுற கொல்லன்கிட்டக் கொண்டுபோயி வெட்டி ஒட்டினோம். அச்சு மேல வில்லுப்பட்டை, அதான் ஸ்பிரிங்கு, உக்கார்ற இடம் ஒரு விரக்கடை தள்ளி இருந்துச்சு. அதுக்கு இரும்புத் துண்டு செதுக்கி அடை கொடுத்தான். பிரேக்குக்கு உள்ள வைக்கிற பட்டை மட்டும் மதுரையிலருந்து புதுசா வாங்கி வரச் சொல்லி, தறையாணி அடிச்சு வச்சான். எல்லாம் முடிஞ்சு, காரு நெறையக் கல்லை ஏத்திக்கிட்டு இறக்கத்துல விட்டு மிதிச்சான் பாருங்க. நட்ட கல்லு மாதிரி நின்னுச்சு. செபமாலை ரோட்டோரத்துல நின்னு பாத்துட்டு, வீட்டுக்குப் போயி அவனுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டாந்தா. அவ சம்மதிச்சுட்டானு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

ஆனா மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரம் ரெண்டும் கத்துச்சு. சாதாரணக் கத்தா? கீஈஈச்சுன்னு, பல்லுக் கூசும். என் செவலை மாடு தும்பை அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. பட்டை புதுசு, பழகப் பழக அடங்கும்னு சுவக்கீன் பொஞ்சாதிகிட்டச் சொல்லியிருக்கான். என்கிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா இந்தக் கதையே இல்லை.

கல்யாணத்துக்கு ரெண்டு நாளு முன்னாடி சாயங்காலம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு கோயில்ல ஓலை மூணு ஞாயிறும் வாசிச்சு முடிஞ்சாச்சு. மறுநாள் மத்தியானம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு இறங்கணும். காரைக் கழுவி, என் மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்துல நிறுத்திட்டு அவன் குளிக்கப் போயிட்டான். நான் என் வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கிட்டு இருந்தேன். வைக்கோல் கரியை வெளக்கெண்ணெயில கொழைச்ச மை. மூங்கில் குழாயில அடைச்சு வண்டிக்கு அடியிலயே தொங்கவிட்டிருப்போம். சக்கரம் கத்தினா மை போடணும். எங்கப்பனுக்குத் தெரிஞ்சதும் அதுதான், எனக்குத் தெரிஞ்சதும் அதுதான். கத்துற சக்கரத்தோட ஊருக்குள்ள போறவனை நாங்க மனுசனாவே மதிக்க மாட்டோம்.

இம்புட்டுப் பாடுபட்டவன் இதை மறந்துட்டானேன்னு நெனச்சேன். கல்யாணப் பொண்ணு கீச்சுக் கீச்சுன்னு கத்துற வண்டியில போயி இறங்கலாமா? மாமன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? குச்சியில மையை நல்லா வழிச்சு, டிரம்முக்கும் தகட்டுக்கும் நடுவுல இருந்த சந்து வழியா, முன்சக்கரம் ரெண்டுக்கும் சுத்திச் சுத்தி உள்ள திணிச்சேன். தாராளமா. சொந்த வண்டிக்குக்கூட அம்புட்டு மை போட்டதில்லை. சொல்லிக்காட்ட வேணாம்னு பேசாம இருந்துட்டேன்.

மறுநாள் விடிஞ்சதும் நான் அண்டா குண்டா, அரிசி மூட்டை, வாழைத்தாரு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு முன்னாடி இறங்கினேன். மத்தியானம் காரு கெளம்பும்போது நடந்தது நான் பின்னால கேட்டது. பொண்ணும் சொந்தக்காரங்களுமா எல்லாரும் ஏறினப்புறம் செபமாலை மட்டும் கீழயே நின்னிருக்கா.

"கட்டையைக் கட்டுங்க."

"நாலு பிரேக்கு இருக்குடி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தாச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எம்மக போற வண்டி. கட்டுங்க."

மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே கட்டியிருக்கான்.

மூணாவது வளைவுக்குக் கீழ என் வண்டி நின்னுச்சு. வலது மாட்டுக்கு லாடம் கழண்டு போயி, கீழருந்து லாடக்காரனைக் கூட்டியாந்து சரி பண்றதுக்குள்ள மத்தியானம் தாண்டிருச்சு. ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறேன், இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். மேல காரு வர்ற சத்தம் கேட்டுச்சு. வளைவு திரும்பினவன் என்னைப் பாத்துட்டான். மிதிக்கிறது எனக்குத் தெரியுது, உடம்பே பின்னால சாயுது. காரு நிக்கல. கத்தவும் இல்லை. கத்தாம வருதேன்னு ஒரு நொடி எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. அதை நெனச்சா இப்பவும் என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம்னு தோணும்.

வலது பக்கம் ஒடிச்சா எல்லாரும் பள்ளத்துல. நேரா வந்தா நானும் என் மாடும் நசுங்கிப்போவோம், காரு தப்பிச்சாலும் தப்பிச்சிருக்கும். சுவக்கீன் இடது பக்கம் மலையிலயே ஒடிச்சான். முன்சக்கரம் ஓடையில விழுந்து, மூஞ்சி பாறையில மோதுச்சு. வண்டி பொரண்டிருக்கணும். பின்னாடி கட்டை ஒரு கல்லுல போயி மாட்டி, சங்கிலி விண்ணுன்னு இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. ஓட்டினவனைத் தவிர உள்ள இருந்த அஞ்சு பேருக்கும் ஒரு கீறலும் இல்லை. திருகின ஸ்டீரிங்கு மட்டும் சுவக்கீன் வலது மணிக்கட்டை ஒடிச்சிருச்சு.

செபமாலை மகளை இறக்கினா. தன் முக்காட்டுத் துணியை அவுத்துப் புருசன் கையைத் தூக்கிக் கட்டினா. ஒரு வார்த்தை திட்டல. அவன் ஏறிட்டுப் பாக்கல. இருதயம்மாள் என் வண்டியில, அண்டாவுக்கும் வாழைத்தாருக்கும் நடுவுல உக்காந்துதான் ராயப்பன்பட்டிக்குப் போச்சு. தொங்குற கையோட அவன் மகளைக் கோயில்ல கைபிடிச்சுக் கொடுத்தான்.

கல்யாணம் முடிஞ்சு நாலாம் நாளு நான்தான் மாட்டை வச்சுக் காரை மேல இழுத்துக்கிட்டு வந்தேன். ஒத்தைக் கையால டிரம்மைக் கழட்டினான். உள்ள கருகருன்னு பூசிக் கெடந்துச்சு. அவன் ஒரு விரலால தொட்டு மோந்து பாத்தான். வெளக்கெண்ணெ வாசம் எனக்கே அடிச்சுச்சு. என் வண்டிக்கு அடியில தொங்குற மூங்கில் குழாயை ஒரு பார்வை பாத்தான். அப்புறம் என்னை. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, எங்க சக்கரத்துல வழுக்கணும், அவன் சக்கரத்துல பிடிக்கணும்னு. அவன் டிரம்மைத் திருப்பி மாட்டிட்டு, கை வலிக்குது மச்சான்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிட்டான்.

ஊருக்குள்ள என்ன பேசினாங்க? விழுந்த வண்டியோட அச்சு, விழ வைக்காம விடுமான்னு பேசினாங்க. காப்பிக்கடையில, சந்தையில, கோயில் வாசல்ல, எல்லா இடத்துலயும் அதே பேச்சு. அவன் காருல ஒரு ஈ காக்கா ஏறல. மூணு மாசம் கார் நின்ன இடத்துலயே சக்கரத்தைச் சுத்திப் புல்லு மொளைச்சுப்போச்சு. கை கூடினதும் அவன் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்ல அடுப்புக்கு விறகு தள்ளப் போயிட்டான். துரை காரு ஓட்டின மனுசன் பொகையில கண்ணு செவந்து உக்காந்திருந்தான். நான் தெனமும் அங்கதான் மூட்டை ஏத்தப் போவேன். வெக்கம் என்னைத் தின்னுச்சு. ஆனாலும் வாயத் தொறக்கலையே! பயம்தான், வேற என்ன?

ஒரு நாளு தாங்கல. விறகுக் கட்டு மேல போயி உக்காந்தேன்.

"ஏன் மாப்ள, தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

அவன் அடுப்பையே பாத்துக்கிட்டுச் சொன்னான். "மாட்டு வண்டிக்காரன் பண்ணின வேலைன்னு தெரிஞ்சா உங்க வண்டியில எவன் மூட்டை ஏத்துவான் மச்சான்? என் பொழப்பு போயிருச்சு. ரெண்டு வீடும் எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" இன்னொரு விறகைத் தள்ளினான். "அதோட எம்மகளுக்கு மாமன்னு இருக்குறது ஒருத்தருதான்."

அழுதுட்டேன். பொகையினாலன்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா அது பொகையில்லை.

அடுத்த ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு சனம் எல்லாம் சந்தையில நிக்கிற நேரம், அந்த மூங்கில் குழாயை அவுத்துக் கையில எடுத்துக்கிட்டுப் போனேன். செபமாலை மொளகாய் வாங்கிக்கிட்டு இருந்தா. ஊர் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன். "தாயீ, அச்சு மேல தப்பில்லை. உம் புருசன் மேலயும் தப்பில்லை. கத்துதேன்னு நான்தான் இந்த மையைப் பிரேக்குக்குள்ள போட்டேன்."

ஏலக்காய் யாவாரி ஈஸ்வரமூர்த்தி, என் வண்டிக்குத் தெனமும் மூட்டை கொடுக்குறவரு, எதுக்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. செபமாலை குழாயை வாங்கி மோந்து பாத்தா. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க! அட கூறுகெட்ட மனுசா, ஒங்க மூளையில மாட்டுச் சாணியா இருக்கு, எம்மகளைக் கொல்லவா மாமன்னு வந்தீங்க, பிரேக்கு என்ன நீங்க ஓட்டுற கட்டை வண்டியான்னு, மூணு மாசம் புருசனைத் திட்டாம சேத்து வச்சது அத்தனையும் என் தலையில கொட்டினா. நான் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். திட்டி முடிச்சு மூச்சு வாங்கிட்டு, புருசன் இருக்குற ஸ்டோரைப் பாத்து விறுவிறுன்னு நடந்துட்டா.

ரெண்டு நாளு சுவக்கீனும் நானும் டிரம்மைக் கழட்டி, சீமெண்ணெயில பட்டையைக் கழுவி, அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ச்சோம். அவன் கழுவினதை நான் மறுபடி கழுவினேன். மூணாம் நாளு காரை இறக்கத்து முனையில கொண்டாந்து நிறுத்தினான். ராயப்பன்பட்டிக்கு, மகளைப் பாக்க. வேடிக்கை பாக்கப் பாதி ஊரு கூடிருச்சு. ஈஸ்வரமூர்த்தியும் நின்னாரு. நான் கட்டையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போனேன்.

செபமாலை முன் சீட்டுல ஏறி உக்காந்து கதவைச் சாத்தினா. சன்னல் வழியாத் தலையை நீட்டி என்னைப் பாத்தா.

"அந்தக் கட்டையைக் கீழ போடுங்கண்ணே."

"வேணாமா தாயீ?"

"வேணாம். கட்டைக்குப் பதிலா நீங்க பின்னாடி ஏறி உக்காருங்க."

பத்து வருசமா காருன்னா ஆகாதவன், வேட்டியை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறினேன். சுவக்கீன் சிலுவை போட்டான். இறங்கிப் போயி டயரை எத்தினான். மொத வளைவுல மிதிச்சதும் முன்சக்கரம் ரெண்டும் கீஈஈச்சுன்னு மலையே அதிரக் கத்துச்சு. கார் நின்னுச்சு. எனக்குப் பல்லுக் கூசுச்சு, கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு.

"கத்துதே மாப்ள"ன்னேன்.

செபமாலை திரும்பிப் பாக்காமலே சொன்னா. "கத்தட்டும். யாரும் கையை வைக்காதீங்க."